நாற்பத்து மூன்றாவது பத்தியின் குடிமகன்

நிதித்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் பட்ஜெட் உரை அச்சாகும் அறைக்குள் போகிறவர்கள், உரை வாசித்து முடித்த பிறகுதான் வெளியே வர முடியும் என்பது ரோலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சாப்பாட்டுப் பையை ஸ்கூட்டரிலேயே மாட்டிவிட்டு வந்திருக்க மாட்டார்.

ரோலர் என்பது தொழில் அவருக்கு வைத்த பெயர். ஜெராக்ஸ் மெஷினோ பிரின்டரோ, எது மக்கர் பண்ணினாலும் கிட்டப் போவதற்கு முன்பே "ரோலராத்தான் இருக்கும்" என்பார். பத்துக்கு எட்டு தடவை அப்படித்தான் இருக்கும். மீதி இரண்டு தடவை ரோலரை மாற்றிவிட்டு, பிறகு உண்மையான கோளாறை யாருக்கும் தெரியாமல் சரிசெய்வார். இருபத்திரண்டு வருஷமாக அரசாங்க அலுவலகங்களின் பிரின்டர்களோடு பழகியவர். அந்த மெஷின்களும் பத்து மணிக்கு வந்து, பதினோரு மணிக்குச் சூடாகி, மத்தியானத்துக்கு மேல் வேலை செய்யாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தாள் சிக்கியிருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்றார்கள். வாசலில் மூன்று போலீஸ்காரர்கள் தனித்தனியாக அவருடைய பெயரை மூன்று நோட்டில் எழுதினார்கள். கைப்பேசியை வாங்கி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். ஒரு தாளை எடுக்க இவ்வளவு சடங்கா என்று அவர் கேட்கவில்லை. அவர் மனசு மறுநாள் காலை பத்து மணியில் இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணி என்றால் மனைவிக்கு டயாலிசிஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரே மாதத்தில் கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, அரசு மருத்துவமனை வார்டில் ஏழாம் எண் மெஷின். குறைந்த வருமான அட்டை இருப்பதால் இலவசம். ஸ்கூட்டரில் உட்கார்த்தி இவரே கூட்டிப் போவார். திரும்பி வந்ததும் மூன்றாவது மாடிக்கு ஏற அவளால் முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பக்கம் இவரும் மறு பக்கம் மச்சானும் தூக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் ராணி மாதிரி கையை ஆட்டிக் காட்டுவாள். மூன்று வருஷத்தில் இவர் ஒரு நாள் கூடத் தவறியதில்லை. அதற்காக எத்தனை அலுவலகங்களில் எத்தனை மெஷின்கள் காத்துக் கிடந்தன என்பதும், அங்கிருந்தவர்கள் இவரை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதும் அச்சில் போடத் தக்கதல்ல.

அடித்தளத்தில் சிக்கியிருந்த தாள் ஏழு துண்டாக வந்தது. ரோலர் தரையில் மண்டியிட்டு அந்தத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துப் பார்த்தார். தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார். ஒரு மூலை குறைந்தாலும் அது மெஷினுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தாளும் சிக்கும். அவர் ஏழாவது துண்டை வைத்தபோது அறை மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன படிக்கறீங்க?"

"படிக்கலை சார். துண்டு எல்லாம் இருக்கான்னு பாக்கறேன்."

"அது பட்ஜெட் உரையோட முப்பத்தோராம் பக்கம்."

"எனக்கு ஓரம் சரியா இருந்தாப் போதும் சார். நடுவுல என்ன இருந்தா எனக்கென்ன."

மேற்பார்வையாளர் சுவரில் இருந்த மணியை அழுத்தினார். அந்த மணியை அழுத்தும் வாய்ப்பு அவருக்குப் பதினான்கு வருஷமாக வரவில்லை. ஆகவே சற்று நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

இணைச் செயலாளர் வந்தார். உரையை எழுதியவர் அவர்தான். மென்மையான மனிதர், ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் அதற்கு ஒரு துணை வாக்கியம் தேடிக்கொடுக்காமல் விடமாட்டார். பயப்பட ஒன்றுமில்லை, ரகசியக் காப்பு உறுதிமொழிப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். படிவத்தின் நான்காவது கட்டத்தில், 'நான் வெளியிடாமல் காக்கப்போகும் ரகசியம்' என்று இருந்தது. தனக்கு எந்த ரகசியமும் தெரியாது, அதைக் காலியாக விடுகிறேன் என்றார் ரோலர். காலியாக விட்ட படிவம் செல்லாது என்றார் இணைச் செயலாளர். இரண்டு பேரும் யோசித்தார்கள். கடைசியில் இணைச் செயலாளரே கிழிந்த பக்கத்தை எடுத்து, நாற்பத்து மூன்றாவது பத்தியை நிறுத்தி நிதானமாகப் படிக்க, ரோலர் அதை நான்காவது கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்.

"மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருக்கும் அந்த எளிய குடிமகனைப் பாருங்கள். அவர் ஓர் உழைப்பாளி. எண்ணெய்க் கறை படிந்த கைகளும் கறை படியாத நெஞ்சும் கொண்டவர். அவருக்கு ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்த அரசு இன்று அறிவிக்கும் வருமான வரிக் குறைப்பால் அவருக்கு ஆண்டுக்குப் பதினோராயிரத்து நானூறு மிச்சமாகும். அதைக் கொண்டு அவர் தம் குடும்பத்துடன் கடற்கரைக்குச் செல்வார். அந்தக் கடற்காற்றே இந்த பட்ஜெட்."

கையெழுத்துப் போட்டதும் ரோலருக்கு உண்மையிலேயே ரகசியம் தெரிந்துவிட்டது. ரகசியம் தெரிந்தவரை வெளியே விட விதியில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அமைச்சர் எழுந்து, வாசித்து, உட்காரும் வரைக்கும் இங்கேதான் என்றார்கள். கட்டிலும் கம்பளியும் கொடுத்தார்கள். கம்பளிக்கு ஒரு படிவம் இருந்தது.

ஒரு நாளைக்கு ஒரு முறை வீட்டுக்குப் பேசலாம். பக்கத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்து கேட்பார். இடம், வேலை, உடன் இருப்பவர், திரும்பி வரும் நேரம் இவற்றைச் சொல்லக் கூடாது. கணவன் மனைவிக்குள் பேச மீதி என்ன இருக்கிறது என்று விதியை எழுதியவர் யோசித்திருப்பார் போல. அதற்கு மூன்று நிமிஷம்தான் கொடுத்திருந்தார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அதைச் சொல்லக் கூடாதாம்."

"யாரு கூட இருக்கீங்க?"

"அதையும் சொல்லக் கூடாதாம்."

"எப்ப வருவீங்க?"

"அதுவும் கூடாதாம்."

"இந்த வயசுல, இந்த மூஞ்சிக்கு, சந்தேகப்படறதுக்கே எனக்குச் சோம்பலா இருக்கு" என்றாள் அவள். "நாளைக்குப் பத்து மணிக்கு என்னை யார் கூட்டிட்டுப் போறது, அதையாவது சொல்லலாமா, அதுவும் கூடாதா?"

ரோலர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, சொல்லலாம் என்று தலையை அசைத்தார். மச்சானைக் கூட்டிப் போகச் சொன்னார் ரோலர். மச்சானுக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, இவர்கள் வீட்டிலேயே இருக்கிறான். நல்லவன். ஆனால் அவனுடைய கடிகாரம் மட்டும் வேறு ஏதோ நாட்டு நேரத்தைக் காட்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் அடித்தளத்தில் ஒரு பெரிய பதற்றம் கிளம்பியது. பார்வையாளர் மாடத்தில் உட்காரவேண்டிய எளிய குடிமகனை யார் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று இணைச் செயலாளர் சாதாரணமாகத்தான் கேட்டார். வரிப் பிரிவு, அது விளம்பரப் பிரிவின் வேலை என்று நினைத்திருந்தது. விளம்பரப் பிரிவுக்கு அப்படி ஒரு பத்தி இருப்பதே தெரியாது. அவர்களிடம் சொன்னால் ரகசியம் வெளியாகிவிடும் என்று பயந்து யாரும் சொல்லவில்லை. முந்தைய வருஷங்களில் 'ஒரு குடிமகனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்' என்றுதான் எழுதுவார்களாம். எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்தார்கள் என்பதற்காக, இந்த வருஷம் நேரில் காட்டுவது என்று அமைச்சர் முடிவு செய்திருக்கிறார்.

இப்போது வெளியே போய் ஆளைத் தேட முடியாது. வெளியிலிருந்து யாரையும் உள்ளே கூப்பிட முடியாது. உள்ளே இருப்பவர்களோ அறுபத்து மூன்று பேர், அத்தனை பேரும் அதிகாரிகள். அந்தக் கட்டடத்திலேயே ஒரே ஒரு குடிமகன்தான் இருந்தார். அவர் மூலையில் உட்கார்ந்து டோனர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

அறுபத்து மூன்று பேரும் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் ரோலர், "ரோலராத்தான் இருக்கும்" என்றார்.

அன்று மாலைக்குள் 'குடிமகன் பொருத்தக் குழு' அமைக்கப்பட்டது. பொருத்திப் பார்த்ததில் பத்திக்கும் ரோலருக்கும் மூன்று இடத்தில் இடித்தது. பத்தியைத் திருத்திவிடலாமே என்றார் ரோலர். அந்தப் பக்கம் ஆயிரத்து இருநூறு பிரதி அச்சாகிவிட்டது, திரும்ப அச்சடித்தால் செலவு, செலவைக் குறைக்கும் பட்ஜெட்டில் செலவு செய்வது கொள்கைக்கு விரோதம் என்று இணைச் செயலாளர் விளக்கினார். ஆகவே ரோலரைத் திருத்துவது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

முதலில் கை. இருபத்திரண்டு வருஷ டோனர் ரோலரின் ரேகைகளில் கருப்பாக ஊறியிருந்தது. பத்தியில் இருப்பதோ எண்ணெய்க் கறை. சோப்புப் போட்டு, மண்ணெண்ணெய் போட்டு, அரை மணி நேரம் தேய்த்து உழைப்பின் கறையை எடுத்துவிட்டு, கேன்டீனிலிருந்து சமையல் எண்ணெய் வரவழைத்து உழைப்பின் கறையைப் பூசினார்கள்.

அடுத்து பிள்ளைகள். ரோலருக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். இன்னொரு பிள்ளைக்கு எங்கே போவது? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். மச்சானைச் சொன்னார். 'பிள்ளை' என்பதற்கு அந்தப் பத்தியில் வயது வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று சட்டப் பிரிவு எழுதிக் கொடுத்தது. மச்சான் இரண்டாவது பிள்ளையானான்.

மூன்றாவது வருமானம். இங்கேதான் குழு கொஞ்சம் தடுமாறியது. ரோலரின் வருமானத்துக்கு வரியே கிடையாது. வரியே கட்டாதவருக்கு வரியில் எப்படிப் பதினோராயிரத்து நானூறு குறைப்பது? அப்படியானால் இந்த வரிக்குறைப்பால் தனக்கு எதுவும் கிடையாதா என்று ரோலர் அப்பாவியாகக் கேட்டார்.

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நேரடியா இல்லை" என்றார் இணைச் செயலாளர். "ஆனா, கிடைக்கிறவங்களைப் பாத்து நீங்க சந்தோஷப்படலாம். அதுவும் ஒரு பயன்தான், அளவிட முடியாத பயன், அதனாலதான் நாங்க அளவிடலை."

பிறகு மிச்சம் பதினோராயிரத்து நானூறு வரவேண்டுமென்றால் வருமானம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அந்தத் தொகைக்கு ரோலர் பெயரில் வருமானச் சான்றிதழ் ஒன்று தயாரித்தார்கள். ரோலர் அதைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் பார்க்காத தொகை. "இந்தப் பணம் எனக்குக் கிடைக்குமா சார்?" என்றார்.

"சான்றிதழ் கிடைக்கும்."

அப்போதுதான் ரோலருக்குச் சுருக்கென்றது. இந்த வருமானம் தெரிந்தால் மருத்துவமனையில் அட்டையைப் பிடுங்கிவிடுவார்களே என்றார். அட்டை வேறு துறை என்றார் இணைச் செயலாளர். இரண்டு துறைக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, கவலை வேண்டாம் என்றும் சொன்னார். ரோலருக்கு மனசு ஒப்பவில்லை. தன்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த இடத்தில் கம்பளியெல்லாம் எண்ணெய்.

அன்றைய மூன்று நிமிஷத்தில் மனைவி மெதுவாகப் பேசினாள். மச்சான் பதினொன்றேகாலுக்குத்தான் வந்தானாம். வார்டில் அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் காத்திருந்ததால் நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரத்தில் இறக்கிவிட்டார்களாம். படி ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்தாளாம். "படுத்தா மூச்சு வாங்குது. உட்கார்ந்தே தூங்கிடுவேன், ஒண்ணும் இல்லை" என்றாள். தண்ணீர் குடிக்கவில்லையே என்று கேட்டார். ஒரு நாளைக்கு அவளுக்கு அரை லிட்டர்தான். அதற்கு ஒரு சின்ன டம்ளர் வைத்திருக்கிறாள். "டம்ளரைப் பாத்துக்கிட்டே இருக்கேன். அதுவும் என்னைப் பாக்குது" என்றாள். சனிக்கிழமை நானே வந்துவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதிகாரி விரலைத் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை மெஷின் மறுபடியும் மூச்சை நிறுத்தியது. இந்தத் தடவை சிக்கியது முப்பத்தெட்டாம் பக்கம். ஐந்து துண்டு. தரையில் ஒட்டவைத்துப் பார்த்தார். ஓரம் சரியாக இருந்தது. இந்த முறை நடுவிலும் பார்த்தார்.

'உடல் திரவச் சுத்திகரிப்புச் சேவைகளின் அலைவெண் சீரமைப்பு' என்று தலைப்பு. படித்தால் தண்ணீர் லாரி விஷயம் மாதிரி இருந்தது. ஆனால் நடுவில் 'அரசு மருத்துவமனைகள்', 'வாரம் மூன்றிலிருந்து இரண்டு' என்ற சொற்கள் இருந்தன. ரோலர் அந்தத் துண்டுகளை அப்படியே ஒரு அட்டையின் மேல் ஏந்திக்கொண்டு சிக்கன அதிகாரியிடம் போனார். அந்த அம்மாள் செலவுக் குறைப்புப் பகுதிகளை எழுதியவர். கண்டிப்பானவர், ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

"ஆமா, டயாலிசிஸ்தான்" என்றார் அவர். "வரியைக் குறைச்சா அந்தப் பணம் எங்கிருந்தாவது வரணும்ல? நானும் எல்லா இடத்துலயும் தேடினேன். விருந்தினர் மாளிகையில கை வைக்க முடியலை, அங்கதான் இதைப் பத்தி கூட்டம் நடந்துச்சு. கடைசியில இது கிடைச்சது. வாரத்துக்கு மூணு தடவை ரத்தத்தைக் கழுவறாங்க. நான் எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியையே வருஷத்துக்கு ஒரு தடவைதான் கழுவறேன்."

"மூணு தடவை வேணும்னு டாக்டர் சொல்றாரு மேடம்."

"டாக்டருங்க சொல்வாங்க. நான் ரெண்டாவது தடவை முடிஞ்சவங்களோட பட்டியலை வாங்கிப் பாத்தேன். அத்தனை பேரும் உயிரோடதான் இருக்காங்க. அப்போ மூணாவது தடவை எதுக்கு? ஏற்கெனவே உயிரோட இருக்கிற ஆளுக்குச் செய்யற செலவு அது. அதுக்குப் பேருதான் வீண் செலவு."

ரோலர் துண்டுகள் இருந்த அட்டையை மேசையில் வைத்தார். ஒரு துண்டு கீழே விழுந்தது. இந்த வரிக்குறைப்பில் மேடத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டார். அவர் மேசையில் ஒரு தாளில் அந்தக் கணக்கு போட்டு வட்டமிட்டே வைத்திருந்தார். சுற்றிப் பார்த்தால் எல்லோர் மேசையிலும் அப்படி ஒரு தாள், ஒரு வட்டம்.

"எனக்கு மூணு லட்சத்து எண்பதாயிரம். இணைச் செயலாளருக்கு நாலேகால். மேல போகப் போக இன்னும் ஜாஸ்தி" என்றார் அந்த அம்மாள். "ஆனா மாடத்துல எங்களை நிக்க வச்சா நல்லா இருக்காது. அதுக்குத்தான் நீங்க."

வரிக்குறைப்பு எப்போதிலிருந்து என்று கேட்டார். அடுத்த நிதியாண்டு. இந்த மூன்றாவது தடவையை நிறுத்துவது? சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி. சேமிப்பில் தாமதம் கூடாது என்று அமைச்சர் உறுதியாக இருக்கிறார். சுற்றறிக்கை நேற்றே மூடிய உறைகளில் மருத்துவமனைகளுக்குப் போய்விட்டது, பன்னிரண்டு அடித்ததும் பிரிக்கவேண்டும்.

ரோலர் கணக்குப் போட்டார். வியாழக்கிழமை இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை பத்துக்கு ஏற்றினால் பன்னிரண்டுக்கு இறக்கிவிடுவார்கள். அடுத்தது செவ்வாய்க்கிழமை. நடுவில் ஞாயிறும் திங்களும் அவள் உட்கார்ந்துகொண்டே தூங்கவேண்டும். தூக்கத்தில் மூச்சு முட்டினால்? அவருக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. அந்த அறையில் சத்தம் வெளியே போகாது. சுவருக்கு உள்ளே பஞ்சு வைத்திருந்தார்கள். பஞ்சுக்கு மட்டும் எப்போதும் நிதி இருந்திருக்கிறது.

உள்ளே இருக்கும் யாரும் உரை முடியும் வரை வெளியே போக முடியாது. மாடத்தில் நிற்கிற குடிமகன் மட்டும் பத்து மணிக்கே மேலே அவைக்குப் போவான். அவனுடைய பத்தி முடிந்ததும் அவனைக் கட்டிவைக்க விதியில்லை. ரோலர் நேரே இணைச் செயலாளரிடம் போய் நின்றார்.

"நான் உட்காரறேன் சார். எவ்வளவு வருமானம் வேணுமோ போட்டுக்குங்க."

நல்ல முடிவு, தேசப்பற்றுள்ள முடிவு என்று இணைச் செயலாளர் கையைக் குலுக்கினார். பிறகு எண்ணெயைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கைக்குட்டை போதவில்லை.

சனிக்கிழமை மாடத்தில் முதல் வரிசை. இரண்டு பக்கமும் இரண்டு காவலர். மனைவியை மச்சான் நேரத்துக்குக் கூட்டிப் போனானா என்று தெரியாது. அமைச்சர் வாசிக்க ஆரம்பித்தார். வேகமாகப் படித்தால் நாற்பத்து மூன்றாம் பத்திக்கு அரை மணி நேரம் ஆகும் என்று ரோலர் மனக்கணக்குப் போட்டிருந்தார். அமைச்சர் வேகமாகப் படிக்கிற ரகம் இல்லை. ஐந்து பத்திக்கு ஒரு முறை நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பதினோரு மணிக்குள் எட்டு டம்ளர் காலியாயிற்று. ரோலர் எண்ணிக்கொண்டே இருந்தார்; வீட்டு அளவுக்கு அது நான்கு நாள் தண்ணீர்.

பதினொன்று ஐந்துக்குப் பத்தி வந்தது. எழுந்து நில்லுங்கள் என்று காவலர் முதுகில் தட்டினார். நின்றார். கைகளைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. அமைச்சர் உரையில் இல்லாத ஒன்றையும் சேர்த்து, அவருடைய ஆண்டு வருமானத்தையும் உரக்கச் சொன்னார். அவ்வளவு சம்பாதிக்கும் உழைப்பாளியை உருவாக்கியது யார் என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். உடனே எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, இந்தக் குடிமகன் தங்கள் ஆட்சிக் காலத்திலேயே உழைக்க ஆரம்பித்துவிட்டார், அவரை இந்த அரசு அபகரிக்கப் பார்க்கிறது என்றார். அபகரிப்பு என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியதைக் கண்டித்து ஒரு கூட்டம் வெளிநடப்புச் செய்தது. போனவர்கள் குடிமகனுக்கு ஆதரவாகத் திரும்ப உள்ளே வந்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் அவருக்காக இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டது. அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவர் நின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் கூட அவர் பக்கம் திரும்பவில்லை.

பதினொன்றரைக்கு வெளியே விட்டார்கள். ஸ்கூட்டர் மூன்று நாள் வெயிலில் நின்று, நாலாவது உதையில்தான் கிளம்பியது.

அவர் வார்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு கட்டில், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாம் கட்டிலில் மனைவி, கையில் இரண்டு ஊசி, முகம் வீங்கியிருந்தது. மச்சான் பக்கத்தில் நின்றான். இன்றைக்கு ஒன்பதரைக்கே வந்துவிட்டானாம். நடுவில் மருத்துவமனை நிர்வாக அதிகாரி, பிரித்த உறையோடு நின்று டாக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். டாக்டர் சின்னப் பெண். நோயாளிகளின் ரத்தம் இப்போது குழாய்களில் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது, பாதியில் நிறுத்தக் கூடாது என்றாள். அதிகாரி சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினார். அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள்: ரத்தத்தை உரிய நோயாளியிடம் ஒப்படைத்து, ஒப்புதல் பெற்றுக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தவும்.

சுவரில் டிவி ஓடியது. அமைச்சர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு கட்டத்தில் ரோலரின் உருவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், எண்ணெய்க் கையோடு. நிர்வாக அதிகாரி டிவியைப் பார்த்தார். வாசலில் நிற்பவரைப் பார்த்தார். தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றார்.

"சார், நீங்கதானே அவரு?"

ரோலர் ஒரு ஸ்டூலை இழுத்தார். வார்டின் மின்சாரப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த அதிகாரி முன்னாலும் அவர் உட்கார்ந்ததில்லை, மண்டியிட்டுத்தான் பழக்கம்.

"நான்தான் நாற்பத்து மூணாவது பத்தி" என்றார். "இது இன்னைக்கு நாலு மணி நேரமும் ஓடும். எல்லாருக்கும். முடிஞ்சா என்னைத் தூக்கிட்டு நிறுத்துங்க. டிவிக்காரங்களையும் கூப்பிட்டுக்குங்க."

அதிகாரி குழைந்தார். உங்களுக்கு இருக்கும் வருமானத்துக்குத் தனியார் மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாமே என்றார். அந்த வருமானத்தை எனக்குக் கொடுத்தவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றார் ரோலர். அதிகாரி நிதித்துறைக்குப் போன் செய்தார். முடிவெடுக்கக் கூடியவர்கள் அறுபத்து மூன்று பேரும் அடித்தளத்தில், கைப்பேசி இல்லாமல், அமைச்சர் உட்காருவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அமைச்சர் அப்போது அறுபதாம் பக்கத்தில் இருந்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.

மூன்றாம் கட்டில்காரரின் மகன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து ரோலர் பக்கத்தில் போட்டார். பிறகு பத்தாம் கட்டில் அம்மாளின் கணவர். மச்சான் ஸ்டூல் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்தான். நிர்வாக அதிகாரி அத்தனை பேரின் பெயரையும் எழுதிக்கொண்டார். எல்லோர் மீதும் நடவடிக்கை உண்டு, அட்டையும் ரத்தாகலாம் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி கட்டிலிலிருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஆட்டவில்லை.

"அப்போ மூணு நாளா கவர்மென்ட்டோடதான் இருந்தீங்களா?" என்றாள்.

"ஆமா."

"வேற யாராவதா இருந்திருந்தாலாவது பரவாயில்லை."

பத்தாம் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டாள். ரோலர் சிரிக்கவில்லை.

"இனிமே என்னங்க பண்றது?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள். "செவ்வாய்க்கிழமை முதல் தடவை, விட்டுடுவாங்க. வியாழனும் விடுவாங்க. அடுத்த சனிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமையே வந்து உட்கார்ந்துடறேன்."

"அட்டையைப் புடுங்கிட்டா?"

"அட்டை இல்லாமலும் உட்காரலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சாய்ந்து படுத்திருந்தாள். மெஷினின் சின்னத் திரையில் இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று எண் ஓடியது. ரோலர் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முதுகு மின்சாரப் பெட்டியின் கதவில் அழுந்தும்படி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.